நானே சராசரி

மதிப்பிற்குரிய பேராசிரியர் ஜெபமலர் அம்மா அவர்களுக்கு,

குத்துக்கல்வலசையிலிருந்து தங்கள் மாணவி அபியின் தகப்பன், ஓய்வுபெற்ற ஏட்டு மணிமுத்து எழுதிக்கொள்வது. இங்கே சாரல் நன்றாக விழுகிறது, நாங்கள் சுகம். தாங்களும் குடும்பத்தாரும் சுகமாயிருக்க வேண்டும். மரியாதை இத்தோடு முடிந்தது, இனி விஷயம்.

அபியின் புள்ளியியல் ப்ராஜெக்டிலிருந்து என்னை அடித்துவிட்டீர்களாம். ஒரு ஆளை வைத்து ஒரு குழு கிடையாது, திங்கட்கிழமைக்குள் திருத்தாவிட்டால் மார்க் இல்லை என்றீர்களாம். பிள்ளை சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. அம்மா, தலைப்பு கொடுத்தது யார்? 'அருவிக் குளியலும் தூக்கமும்'. குளிப்பவர்கள் ஒரு குழு, சீசன் முழுக்க அருவிப் பக்கமே போகாதவர்கள் ஒரு குழு, ரெண்டையும் ஒப்பிட வேண்டும். வெளியூர்க்காரர் நீங்கள், சொல்லிவிட்டீர்கள். சாரல் நேரத்தில் தென்காசியில் குளிக்காத ஆளை எங்கே போய்ப் பிடிப்பது?

பண்பொழியில் ஒருத்தனைக் கேட்டால், "நேத்துத்தான் குளிச்சேன், இன்னைக்கும் போவணும், நீரும் வாரீரா?" என்கிறான். வீரகேரளம்புதூரில் என் மச்சினன் காய்ச்சலில் படுத்திருக்கிறான் என்று ஆசையாக ஓடினேன்; அருவியில் குளித்துத்தான் காய்ச்சலே வந்திருக்கிறது. கடைசியில் நானும் கூட்டாளிகள் இசக்கியும் முகம்மது ரபீக்கும், சீசன் முடிகிற வரை வீட்டுக் குழாய்த் தண்ணிதான் என்று சத்தியம் பண்ணி உட்கார்ந்தோம். ரபீக் மறுவாரமே ஐந்தருவியில் அகப்பட்டான். இசக்கி தலை நிறைய எண்ணெயோட வந்து நிக்கான். "ஏலே, எங்கன போற?" "சும்மா பாக்கத்தான் போறேன் அண்ணாச்சி." பாக்கப் போறவனுக்கு எண்ணெய் எதுக்குல?

மிச்சம் நான் ஒருத்தன். ஆமா, ஒருத்தன்தான். என் தூக்கந்தான் அந்தக் குழுவோட சராசரி. நானே சராசரி! மெயின் அருவியில அம்புட்டுக் கூட்டத்துக்கும் ஒத்தை ஏட்டா நின்னு பந்தோபஸ்து பாத்திருக்கேன், ஒரு ஆளு பந்தோபஸ்து ஆவாதுன்னு எந்த அதிகாரியும் அடிக்கல. ராத்திரி முழுக்க முழிச்சு விட்டத்தப் பாக்கேன். அதுக்குக் காரணம் குளிக்காதது இல்ல, எங்க வாசல்ல ஹாரன் அடிக்கிற டூரிஸ்ட் வேன்தான்னு சொன்னீங்களாம். என் பொண்டாட்டி ஆனந்தவள்ளி சொல்லுதா: "அந்த ஹாரன் எனக்கும் கேக்கத்தான செய்யுது? நான் அருவியில குளிச்சிட்டு வந்து கட்டையைப் போட்டா எந்திரிக்கேனா?" இதுக்குப் பதில் சொல்லுங்க, பாப்போம்.

என்னை எடுக்க விட மாட்டேன். வேண்டுமானால் அடுத்த சீசனும் குளிக்காமலே இருந்து காட்டுவேன். இது ஏட்டு வாக்கு.

தாங்களும் தங்கள் பிள்ளைகளும் குறைவில்லாமல் வாழத் திருமலை முருகனை வேண்டிக்கொள்ளும்,
மணிமுத்து

பி.கு.: ஒட்டின கவரைப் பிரிச்சு எழுதுதேன். தபால்ல போடக் கிளம்பினேன், பழைய குற்றாலத்துல கூட்டமே இல்லன்னு ஒருத்தன் சொல்லிட்டான். கால் தானா அங்க போயிருச்சும்மா. குளிச்சிட்டேன். மத்தியானம் படுத்தவன் மறுநாள் காலையிலதான் முழிச்சேன், ஒரு வேன் சத்தமும் கேக்கல. குளிக்காத குழுவுல இப்ப ஆளே இல்ல. என்னைத் தாராளமா அடிச்சிருங்க. பிள்ளை மார்க்கை மட்டும் அடிச்சிராதீங்க. அவ கணக்கெல்லாம் சரியாத்தான் போட்டா, அப்பன்தான் சரியில்ல.