பத்தாவது கேள்வி

இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவர ஒன்றரை மணி நேரம் ஆகாது. டெய்லருக்கு அது நன்றாகத் தெரியும். பம்படி அரை மைல். போக, வர, வரிசையில் நிற்க எல்லாம் சேர்த்து நாற்பது நிமிஷம். அவருடைய தையல் மெஷினுக்கு நேரெதிரே சுவர்க்கடிகாரம் இருந்தது. அன்று அவர் தைத்ததைவிடக் கடிகாரத்தைப் பார்த்ததுதான் அதிகம்.

மனைவி வந்து குடங்களை இறக்கினாள்.

"என்ன இன்னிக்கு இவ்வளவு நேரம்?" என்றார், ஊசியில் நூல் கோத்தபடியே.

"பம்படிக்கு என்ஜினியர் வந்திருந்தாருங்க. நம்ம வட்டாரத்துக்கே புதுசா குடிதண்ணித் திட்டம் போடுறாங்களாம். எந்தத் தெரு அதிகமா கஷ்டப்படுதோ அங்கதான் குழாய் முதல்ல வருமாம். பத்துக் கேள்வி கேட்டாரு."

"பத்துக் கேள்விக்கு ஒன்றரை மணி நேரமா?"

"வீட்ல எத்தனை பேரு, எத்தனை குடம், எவ்வளவு தூரம்னு வரிசையா கேட்டாரு. பத்தாவதா, கால் வலிக்குமான்னு கேட்டாரு."

ஊசி விரலில் ஏறியது.

"யாரோட கால்?"

"என் காலுதான். பம்போட காலையா கேப்பாரு?"

தெருவில் எல்லோருடைய தோள் அளவும் கை அளவும் டெய்லருக்கு மனப்பாடம். மனைவியின் கால் வலிக்குமா என்பது மட்டும், கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில், அவர் எடுக்காமல் விட்ட அளவு. அதை எவனோ ஒருவன் ஒரே காலையில் எடுத்துவிட்டான்.

மறுநாள் அவள் பின்னாலேயே போனார். யாராவது கேட்டால் சொல்ல, முழுசாகத் தைக்காத சட்டை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டார். பம்படியில் ஒரு இளைஞன் கறுப்புக் குடையும் நோட்டுமாக நின்றிருந்தான். குடை அவன் தலைக்கு மேல் இல்லை. சாய்ந்து சாய்ந்து அவள் பக்கம் போயிருந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் சிரித்தால் சத்தம் வராது, தோள் மட்டும் குலுங்கும். அந்தச் சிரிப்பு தனக்கு மட்டுமே தெரியும் என்று அதுவரை டெய்லர் நினைத்திருந்தார்.

அன்று முதல் என்ஜினியருக்கு அவர் வைத்த பெயர் குடைக்காரன்.

"நாளையிலேருந்து தண்ணிக்கு நான் போறேன்" என்றார் மத்தியானம், சோற்றைப் பிசைந்தபடி.

அவள் எழுந்து வந்து அவர் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். "காய்ச்சல் ஒண்ணும் இல்லையே!"

முதல் நாள் குடம் இடுப்பில் நிற்கவில்லை. தோளில் வைத்தார், தோளுக்குக் கீழே இருந்ததெல்லாம் நனைந்தது. வரிசையில் நின்ற பெண்களுக்கு அன்று பொழுது நன்றாகப் போனது.

"அண்ணே, குடத்தை நீங்க தூக்குறீங்களா, உங்களைக் குடம் தூக்குதா?"

குடைக்காரன் மட்டும் சிரிக்கவில்லை. "வாங்க சார்! ஆம்பளைங்க யாருமே வரலையேன்னு இருந்தேன். எவ்வளவு தூரத்துலேருந்து வர்றீங்க?"

"தூரமா? நாலு எட்டு!"

"எவ்வளவு நேரம் ஆகுது?"

"ஒரு பட்டன் தைக்கிற நேரம்."

"கால் வலிக்குமா?"

"எங்க வீட்ல யாருக்கும் எந்தக் காலும் வலிக்காது. நல்லா பெருசா எழுதிக்குங்க!"

குடைக்காரன் பெரிதாகவே எழுதிக்கொண்டான். டெய்லருக்கு நெஞ்சு குளிர்ந்தது. அந்தக் குளிர்ச்சி இரண்டு நாள்கூட நிற்கவில்லை. "டெய்லர் அண்ணனே போறாரு, உங்களுக்கு என்ன கேடு?" என்ற கேள்வி தெருவில் வீட்டுக்கு வீடு எழுந்தது. வாத்தியார் குடத்தோடு வந்தார். மளிகைக்கடைக்காரர் வந்தார். தபால்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தார்.

"நாள் பூரா நடக்கிறவன்யா நான். உன்னால இப்ப விடிஞ்சதும் நடக்கிறேன். உனக்கு ஏன்யா இந்த வேலை?"

டெய்லர் குடத்தைத் தோளில் ஏற்றிக்கொண்டு நடையைக் கட்டினார்.

நாலாம் நாள் குடைக்காரனைப் பம்படியில் காணவில்லை. தொலைந்தான் என்று நிம்மதியாக வீடு திரும்பினார். வாசல் கதவில் கறுப்புக் குடை மாட்டியிருந்தது.

உள்ளே அவருடைய முக்காலியில் உட்கார்ந்து, அவருடைய டம்ளரில், குடைக்காரன் டீ குடித்துக்கொண்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரியும் எதிர்வீட்டுக்காரியும்கூட இருந்தார்கள். டெய்லரின் கண்ணில் அவர்கள் படவே இல்லை. மனைவி ஒரு காகிதத்தை அவசரமாகத் துணிக்கட்டுக்குக் கீழே தள்ளியது மட்டும் பட்டது.

"வீடு வீடா வந்து விசாரிக்கிறாருங்க" என்றாள்.

'நம்ம வீட்டை மட்டும் நாலு தடவை விசாரிப்பானோ?' என்று நாக்கு நுனி வரை வந்ததைத் தண்ணீர் குடித்து உள்ளே இறக்கினார்.

அவன் வீட்டுக்கு வருவதற்குள் தான் வீட்டில் இருக்க வேண்டும். அதற்கு ஒரே வழி ஓட்டம். தளும்பாமல் ஓடப் பழகினார். ஒரே வாரத்தில் நாற்பது நிமிஷம் இருபதானது. "டெய்லர் இருபது நிமிஷத்துல வந்துட்டாரு" என்று மற்ற வீடுகளிலும் கடிகாரம் பார்க்கத் தொடங்கினார்கள். வாத்தியார் ஓடினார். தொந்தியைப் பிடித்துக்கொண்டு மளிகைக்கடைக்காரரும் ஓடினார்.

மாதக் கடைசியில் குடிநீர் அலுவலகப் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். மொத்தம் பதினாலு தெரு. அவர்கள் தெரு பதினாலாவது. குழாய் வர மூன்று வருஷம் ஆகும்.

கால் மணி நேரத்தில் வீட்டு முன்பக்கத் தையல்கடை நிரம்பிவிட்டது.

"நாலு எட்டுன்னு சொன்னியாமே?" என்றார் வாத்தியார்.

"பட்டன் தைக்கிற நேரமாம்! பம்படியில எல்லாருக்கும் கேட்டிருக்கு" என்றார் தபால்காரர். "மூணு வருஷம் என் குடத்தையும் நீதான்யா தூக்கணும்."

மனைவி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுக்கு வர வேண்டிய குழாயைத் தன் வாயாலேயே அடைத்துவிட்டோமே என்று டெய்லருக்கு உறைத்தது. மெஷினை மூடிவிட்டு நேரே அலுவலகத்துக்கு நடந்தார்.

குடைக்காரன் வெளியே போயிருந்தான். அவனுக்கு அளவு நாடா பிடிக்கும் நரைமீசைக்காரர் மட்டும் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஐயா, நான் சொன்னதெல்லாம் பொய்" என்று ஆரம்பித்தார் டெய்லர். "நாலு எட்டு இல்ல, முழுசா அரை மைல். எனக்குக் கால் வலிக்குது, இடுப்பு வலிக்குது. இத்தனை வருஷம் அவளுக்கு எப்படி வலிச்சிருக்கும்னு இப்பத்தான் தெரியுது. உங்க என்ஜினியர்கிட்ட அவ சிரிச்சுப் பேசினா. எனக்குப் பொறுக்கல. அந்த வயித்தெரிச்சல்ல வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். நான் சொன்னதை எழுதின தாளைக் கிழிச்சுப் போட்டுட்டு எங்க தெருவை மேல ஏத்துங்கய்யா."

நரைமீசைக்காரர் நாடாவைக் கீழே வைத்தார்.

"உங்க தாளை அன்னிக்கே தள்ளி வச்சாச்சு டெய்லரே, கணக்குப்படி உங்க தெருதான் முதல்ல இருந்துச்சு, உங்க வீட்டம்மாதான் தெருப் பொம்பளைங்க அத்தனை பேருகிட்டயும் கையெழுத்து வாங்கி, 'எங்க ஆம்பளைங்களுக்கு இப்பத்தான் தண்ணி தூக்கப் பழகிட்டு வருது, எங்க குழாயைக் கடைசியா போடுங்க'ன்னு மனுக் குடுத்தாங்க."