முன்னூற்று அறுபத்து நான்காவது நாள்

மாதேஸ்வரியின் ஆள்காட்டி விரல் பிரஸ் மெஷினில் நசுங்கியதும் தமிழரசன் முதலில் பார்த்தது சுவரிலிருந்த பலகையை. 'விபத்தில்லா நாட்கள் 364'. நாளைக்கு விழா. எல்லோருக்கும் குக்கர், ஆறு மாதம் முன்பு லைன் லீடராகச் சேர்ந்த அவனுக்கு நிரந்தர வேலை. பலகையைப் பார்த்ததற்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

மேனேஜர் சௌந்தரராஜன் மதுரைக்காரர், கிரிக்கெட் பைத்தியம்.

"பதறாதப்பா. அடிபட்டு வெளிய போற பேட்ஸ்மேன் அவுட்டா?"

"இல்லீங்க சார். ரிட்டயர்டு ஹர்ட்."

"அம்புட்டுதேன்! விக்கெட் விழுகல, போர்டும் மாறாது. லீவுன்னு போட்டுரு. ஆஸ்பத்திரியில, வீட்டுக் கிரைண்டர்ல சிக்கிருச்சுன்னு சொல்லு."

பின்வாசல் வழியாக வேனில் ஏற்றி, ராயக்கோட்டை ரோட்டு கிளினிக்குக்குக் கொண்டுபோனான்.

"கிரைண்டர்ல மாவுதானே இருக்கும்? காயம் பூரா கிரீஸா இருக்குதே?" என்றார் டாக்டர்.

"புது கிரைண்டருங்க."

அந்த வலியிலும் மாதேஸ்வரி அவனை ஒரு பார்வை பார்த்தாள். விரலை எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்து லீவு போட்டால் கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. காலையில் ரேகை வைத்து உள்ளே வந்தவள், அதே விரலை வைத்துத்தான் வெளியே போக வேண்டுமாம். அந்த விரலுக்கு எங்கே போவது? சரி, தொலையட்டும் என்று விட்டுவிட்டான்.

மறுநாள் காலை விழாப் பட்டியல் வந்தது. வெளியே போகாமல் இருபத்துநான்கு மணி நேரம் உழைத்த சிறந்த தொழிலாளி: மாதேஸ்வரி.

"சார், மேடைக்குக் கூப்பிடுவாங்களே!"

"ஊருக்குப் போயிருக்குன்னு சொல்லு. புண்ணு ஆறட்டும், லேசான வேலையா பாத்துப் போட்ருவோம்."

அப்போதுதான் மாதேஸ்வரி போன் செய்தாள். "அண்ணா, ரிட்டயர்டு ஹர்ட்டுன்னு சொன்னீங்களாமே. அப்படின்னா திரும்ப வந்து ஆடலாமில்ல? மெஷினுக்கு எப்ப வரட்டும்ணா?"

தமிழரசன் போனை வைத்தான். வேலை போனால் போகட்டும் என்று பலகையை நோக்கி நடந்தான். அங்கே ஸ்டூலில் ஏறி, கூட்டிப் பெருக்கும் சென்னம்மா, எப்போதும் கழற்றாத கையுறையோடு 365 மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத எடுத்துட்டு சைபர் மாட்டுங்க. நேத்து ஒரு புள்ளைக்கு விரலே போச்சு. இந்தக் கணக்கு பொய்யிக்கா."

சென்னம்மா இறங்கிவந்து வலது கையுறையை மெல்ல உருவினாள். இரண்டு விரல்கள் இல்லை.

"நேத்துத்தான் பொய்யாச்சுங்களா சார்? என்னுது அறுபத்திரெண்டாவது நாளுங்க."