கண்பட்டால் கழுவுவோர்

கையே கழுவாதவர்களை விட்டுவிடுங்கள், அவர்கள் நேர்மையானவர்கள். யாராவது பார்த்தால் மட்டும் கழுவுகிற இனம் ஒன்று உண்டு. ஆஸ்பத்திரிகளில் அது அமோகமாக விளைகிறது.

ஓர் ஆஸ்பத்திரியை எடுத்துக்கொள்வோம். தொற்றுத் தடுப்புக் குழுவில் தலைவர், துணைத் தலைவர், ஆலோசகர்கள், மேஜை கொள்ளாத பிஸ்கட் தட்டுகள் எல்லாம் உண்டு. வேலை செய்ய? ஒரே ஒரு நர்ஸ். பட்டப்பெயர் சோப்பு சிஸ்டர். யார் கை கழுவுகிறார்கள் என்று குறித்துக்கொள்ள அவள் பேனாவும் அட்டையுமாக வார்டு வாசலில் தலைகாட்டினால் போதும், "சோப்பு வருது" என்ற முணுமுணுப்பு கட்டிலுக்குக் கட்டில் தாவும், டாக்டர்கள் குழாயை முற்றுகையிடுவார்கள், கழுவியவரே மறுபடி கழுவுவார், கால் முறிந்து கிடக்கும் நோயாளிகூடப் பதறி எழப் பார்ப்பார். குழுத் தலைவரான பெரிய டாக்டரின் கழுவலோ தனி அழகு. முழங்கை வரை நுரை. ஓரக்கண் மட்டும் அவள்மேல்.

அவள் முதுகு திரும்பியதும் குழாய் காய்ந்துவிடும். புண்கள் சீழ் பிடித்துக்கொண்டேயிருக்கும். வார்டில் முகம் தெரியாத இன்னொரு நர்ஸ் வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் கேட்டாள்.

"எல்லாரும்தான் கழுவுறாங்களே சிஸ்டர். நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க. அப்புறம் இன்னொரு ஆள் எதுக்கு?" என்றார் தலைவர்.

அவள் கண்ணே அவளுக்கு எதிர்சாட்சி!

மறுநாள் சீருடையைக் கழற்றிவிட்டு, வீட்டு உடுப்பில், பிளாஸ்க்கும் கையுமாக, கால் முறிந்தவரின் சம்மதத்தோடு அவருக்கு அக்காவாகக் கட்டிலோரம் உட்கார்ந்தாள். தலைவர் வந்தார். புண்ணுக்குப் புண் தொட்டுக்கொண்டே வந்தார். குழாய் ஒரு சொட்டுக்கூட விடவில்லை.

"கையைக் கழுவிட்டுத் தொடுங்க சார்."

"அதைச் சொல்ல நீங்க யாரும்மா?" என்று நிமிர்ந்தவர், முகத்தைப் பார்த்தார். குழாயடிக்கு ஓடினார்.

"அக்கா, இவர்தான் தலைவரா?" என்றார் கால் முறிந்தவர், வார்டுக்கே கேட்கும்படி.

அடுத்த கூட்டத்தில் இரண்டாவது நர்ஸுக்கு மறுபேச்சில்லாமல் அனுமதி கிடைத்தது. புதியவள் சேர்ந்த அன்று தலைவர் சோப்பு சிஸ்டரைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணை முதல்ல எல்லா வார்டுக்கும் கூட்டிட்டுப் போய் அறிமுகப்படுத்திடுங்க. முகம் தெரியணும் பாருங்க."

"சரி சார்" என்றாள். புதியவள் காலையிலிருந்தே கால் முறிந்தவரின் தங்கையாக உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பதை மட்டும் சொல்லவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இதைப் படித்து முடித்ததும் எப்படியும் குழாயடிக்குப் போவீர்கள். பக்கத்தில் யாராவது பார்க்கிறார்களா என்று உங்கள் ஓரக்கண் ஒரு முறை தேடும். தேடினால், தலைவருக்குப் பக்கத்து நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.