மூணுநிலை மிஸ்ஸும் இழுத்த தாலாட்டும்

எந்த விஷயத்தையும் இரண்டு பேரிடம் ஒரே மாதிரி சொல்லாத ஆள் நீலகிரி மாவட்டத்திலேயே ஒருத்தர்தான்: எங்கள் மூணுநிலை மிஸ். ஊட்டியில் நான் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் பியானோ டீச்சர். நாட்டுப்புறப் பாட்டுகளைப் பியானோவுக்கு எழுதுவார். ஒரு விரல் பிள்ளைகளுக்கு ஒன்று, ஒரு கை வசப்பட்டவர்களுக்கு ஒன்று, இரண்டு கையும் ஓடுகிறவர்களுக்கு ஒன்று. அதோடு நின்றாரா? லீவு லெட்டரையும் மூன்று நிலையில் எழுதி, புரிகிறதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஆபீசில் நீட்டுவார். பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்ட டூரிஸ்ட்டை, நீங்கள் எந்த நிலை என்று விசாரித்ததை நானே பார்த்தேன்.

நான் அங்கே தற்காலிக இசை உதவியாளர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ஆண்டு விழாவில் வாசிப்பதைப் பார்த்துத்தான் வேலையை நிரந்தரமாக்குவதாகப் பிரின்சிபால் சொல்லியிருந்தார். தேயிலை எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கும் என் அம்மா போனில் பாடிய தாலாட்டை மிஸ் மூன்று நிலையில் எழுதினார். மூன்றாவது எனக்கு. அதில் அடிக்கு அடி ‘நன்றாக இழுக்கவும்’ என்று சிவப்பு மையில் குறித்திருந்தார்.

விழாவுக்கு அம்மா, எஸ்டேட் லைன் வீடுகளில் பக்கத்தில் குடியிருக்கும் பெண்கள் நாலு பேரோடு ஜீப்பில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். நான் இழுத்தேன். எழுதியிருந்ததற்கு மேலேயே இழுத்தேன். இரண்டாவது அடியில் பின்னாலிருந்து மூக்குறிஞ்சும் சத்தம். மூன்றாவதில் ஒருத்தர் முந்தானையால் வாயை மூடினார். நாலாவதில், ஹால் முழுக்கக் கேட்கும்படி அம்மாவிடம் கேட்டார்: “ஏனுங்கக்கா, யாரு போயிட்டாங்க?”

“யாரும் போகலைங்க. எம்பையன் தாலாட்டை இழுத்து ஒப்பாரி ஆக்கிட்டான்.”

முன்வரிசையில் பிரின்சிபால் திரும்பிப் பார்த்தார். நான் பாதியில் நிறுத்திவிட்டேன். வேலை போச்சு என்றே நினைத்தேன். அதற்குள் மிஸ் மேடையேறி, ஸ்டூலில் என்னை ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து, முதல் நிலையை ஒற்றை விரலில் வாசித்தார். துளி இழுவை இல்லை. பின்வரிசை மூச்சு விட்டது. வாயை மூடியவர், மடியில் இல்லாத பிள்ளைக்காகத் தொடையை ஆட்டத் தொடங்கினார்.

பிரின்சிபாலிடம் மிஸ், “தப்பு எம்மேலதானுங்க சார். அவரு நான் எழுதினதைத்தான் வாசிச்சாரு” என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டார். அவர் எதையாவது ஒரே தடவையில் சொன்னது அன்றைக்குத்தான். மறுவாரம் வேலை உத்தரவு என் கைக்கு வந்தது.

அன்று விழா முடிந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தபோது, மிஸ் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, அந்தத் தாலாட்டைத் திரும்பத் திரும்பப் பாடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார். இப்போதெல்லாம் அம்மா போன் செய்தால், “மிஸ் சாப்பிட்டாங்களா?” என்றுதான் முதலில் கேட்கிறார். எனக்கும் மிஸ் சாப்பிட்டதைத்தான் முதலில் சொல்லத் தோன்றுகிறது.