நாலாம் கட்டத்துப் புல்

வாத்தியார் வேலியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். நாலாம் கட்டத்துக்குள் ஒன்பது மாடுகளும் வயிறு முட்டத் தின்றுவிட்டு, ஒரு கவலையும் இல்லாமல் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. நேற்று சாயங்காலம்வரை முழங்கால் உயரம் நின்ற புல், இன்று காலை மொட்டையடித்த தலை மாதிரி கிடந்தது.

வேளாண் பள்ளியில் மேய்ச்சல் நிலப் பாடம் எடுக்கிறவர் அவர். நிலத்தை நாலு கட்டமாகப் பிரி, ஒன்றில் மாட்டை விடு, மற்ற மூன்றுக்கும் ஓய்வு கொடு. புல் முழங்காலைத் தொட்டால் மாடு உள்ளே, நாலு விரல் உயரத்துக்கு வந்தால் மாடு வெளியே. இதைத்தான் ஆறு வருஷமாகத் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறார். ஆறு வருஷமும் தற்காலிக வேலைதான். இன்று எட்டு மணிக்குத் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிற மேடம், முப்பது நாள் ஓய்வெடுத்த நாலாம் கட்டத்தைப் பார்த்து நல்லபடியாக நாலு வரி எழுதினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் அடுத்த மாதம் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

மணி ஏழேகால்.

"மூணுக்கும் நாலுக்கும் நடுவுல இருக்கிற கேட் திறந்து கெடக்கு சார்," என்றார் மாடுகளைப் பார்த்துக்கொள்ளும் அக்கா. தான் நாலு மணிக்குப் போகும்போது சாத்தித்தான் இருந்தது என்றும் சொன்னார். ஐந்து மணிக்குத் தன் கையாலேயே இழுத்துப் பார்த்ததாக வாத்தியார் சத்தியம் செய்தார்.

"அப்ப உள்ளதை உள்ளபடி சொல்லிடுங்க."

"யார் நம்புவாங்க? ஒரு கேட்டைச் சாத்தத் துப்பில்லாதவன்னு எழுதுவாங்க."

வாத்தியாருக்கு ஒரு யோசனை வந்தது. அவருக்கு யோசனை வந்தாலே அக்கா நாலடி தள்ளி நின்றுகொள்வார். 'கட்டம் 4, முப்பது நாள் ஓய்வு' என்ற பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய் ஒன்றாம் கட்டத்தில் நட்டார். அங்கே புல் முழங்காலுக்குப் பாதிதான். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் முழங்கால் என்றே சாதித்துவிடலாம். மொட்டையான இடத்தில் 'கட்டம் 1, மேய்கிறது' என்ற பலகையை நட்டார்.

"மேயுதுன்னு பலகையில இருக்கு," என்றார் அக்கா. "அதுங்க தூங்குதே சார்."

அதுவும் சரிதான். தின்று முடித்த மாட்டை எழுப்பித் தின்னச் சொன்னால் கேட்குமா? வாத்தியார் கொட்டகைக்கு ஓடிப்போய் அரை மூட்டைத் தவிட்டைச் சுமந்துகொண்டு வந்து, மொட்டைத் தரையில் தூவினார். தவிட்டு வாசனைக்கு ஒன்பதும் எழுந்து, தலை குனிந்து, பார்க்கிறவர்கள் கண்ணுக்கு அழகாக மேய்ந்தன. ஐந்தே நிமிஷம். அப்புறம் அத்தனை மாடும் அவர் அக்குளில் இருந்த மிச்ச மூட்டையைப் பார்த்தன.

அவர் நடந்தார், அவையும் நடந்தன. அவர் ஓடினார், அவையும் ஓடின. மூட்டையைக் கீழே போட்டுத் தொலையுங்கள் என்று அக்கா கத்தியது அவர் காதில் விழவில்லை. ஓடின ஓட்டத்தில் ஒன்றாம் கட்டத்துக்குள் நுழைந்து, தான் நட்ட பலகையிலேயே இடித்துக்கொண்டு விழுந்தார். மூட்டை கிழிந்தது. முப்பத்தாறு கால்களும் அந்தப் புல்லைத் துவைத்தெடுத்தன.

வாசலில் ஜீப் சத்தம் கேட்டது. வாத்தியார் எழுந்து தலையில் இருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக்கொண்டு ஓடினார்.

மேடம் இறங்கியதும், "முதல்ல ஒரு விஷயம் சொல்லிடறேன் சார். நேத்து..." என்று ஆரம்பித்தார். நேற்றைக்கு எந்தக் குறையும் இல்லை என்று வாத்தியார் குறுக்கே விழுந்து, சுழற்சி மேய்ச்சலின் பயன்களை மூச்சு விடாமல் ஒப்பிக்கத் தொடங்கினார். மேடம் இன்னும் இரண்டு தடவை வாயைத் திறந்து பார்த்தார், இவர் விட்டால்தானே.

ஒன்றாம் கட்டத்துக்கு வந்ததும் மேடம் நின்றார். பலகையைப் பார்த்தார். தூரத்தில் இருந்த மொட்டைக் கட்டத்தைப் பார்த்தார். திரும்பப் பலகையைப் பார்த்தார்.

"இதா நாலாம் கட்டம்?"

"ஆறு வருஷமா இதான் மேடம்."

"ஓய்வுல இருக்கிற கட்டத்துல மாடு நிக்குதே?"

"மாடும் ஓய்வுலதான் இருக்கு மேடம்."

முப்பது நாளில் புல் ஏன் இவ்வளவுதான் வளர்ந்திருக்கிறது என்று கேட்டதற்கு, அது குட்டை ரகம் என்றார் வாத்தியார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். மேடம் குனிந்து புல்லைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, இறங்கி வந்த குரலில், "கேட் எதுவும் திறந்து கெடந்துச்சா சார்? சும்மா சொல்லுங்க," என்றார்.

"கேட்டா? என் கையால இழுத்துப் பாக்காம வீட்டுக்கே போகமாட்டேன் மேடம். இந்த ஆறு வருஷத்துல ஒரு நாள்கூடத் திறந்து கெடந்ததில்லை."

மேடம் தலையாட்டினார். ஃபைலைத் திறந்து, ஏற்கெனவே தட்டச்சு செய்திருந்த ஒரு தாளை எடுத்து நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டார். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து ஜீப்பின் மேல் வைத்து எழுத ஆரம்பித்தார். எழுதினார், எழுதினார், தாளைத் திருப்பியும் எழுதினார்.

வாத்தியாருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "நாலு வரி போதும்னு நெனச்சேன். பக்கம் பக்கமா எழுதறாங்க பாருங்கக்கா," என்று கிசுகிசுத்தார்.

மேடம் ஏறி உட்கார்ந்ததும், ஜீப் டிரைவர் சுற்றிக்கொண்டு வந்து வாத்தியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கே, நீங்கல்லாம் போனப்புறம், அம்மா இங்க வந்து நாலாம் கட்டத்தைப் பாத்துட்டுப் பிரமாதம்னு டைப் அடிச்சுக் கையெழுத்தும் போட்டுட்டாங்க சார், போகும்போது கேட்டைச் சாத்த மறந்தது நான்தான், ராத்திரிதான் ஞாபகம் வந்து அம்மாகிட்ட சொன்னேன், அதுக்கு மன்னிப்புக் கேக்கத்தான் இன்னிக்கு வந்தாங்க, நீங்க என்னடான்னா கேட் திறக்கவே இல்லைன்னு ஒரே போடா போட்டு என் வேலையைக் காப்பாத்திட்டீங்க!"