ஒரே பிளாப்பியில் இருபத்தாறு பார்டர்

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்று முதலில் நம்பியது நான்தான். இரண்டாவதாக நம்பியவள் என் அக்கா வசந்தி. பாவம், அவள் செய்த ஒரே தவறு அது.

அப்போது செவிலிமேட்டில் இருந்தோம். அக்கா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுவாள். முதலில் கிராஃப் தாளில் பென்சிலால் வரைந்து, பிறகு வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக ஏற்றுவாள். நான்கு மாதத்தில் இருபத்தாறு பார்டர். ஊரில் பெரிய பட்டுக் கம்பெனி ஒன்று அவளை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. டிசைன்களை பிளாப்பியில் கொண்டுவரச் சொன்னார்கள்.

"டேய் முரளி, இவ்ளோவும் ஒரு பிளாப்பியில அடங்குமாடா?"

"ஜிப் பண்ணி சுருக்குனா அடங்கும்கா. நீ போய் புடவைய இஸ்திரி பண்ணு." (என் திமிரைப் பாருங்கள்.)

மயில், யானை, ருத்ராட்சம் என்று ஒவ்வொரு டிசைனுக்கும் தனி ஃபோல்டர் வைத்திருந்தாள். ஆனால் உள்ளே இருந்த ஃபைலுக்கெல்லாம் ஒரே பெயர்: பார்டர். நான் ஃபோல்டரை விட்டுவிட்டு ஃபைலை மட்டும் ஒவ்வொன்றாக ஜிப்பில் சேர்த்தேன். அதே பெயரில் இன்னொன்று வந்தால், பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது அந்த மென்பொருளின் வழக்கம். அது எனக்குத் தெரியாது. இருபத்தாறைச் சேர்த்த பிறகும் ஜிப் பெரிதாகவே இல்லை. என் திறமையை எண்ணி நானே வியந்துபோனேன்.

அதோடு விட்டேனா? சேர்த்தவுடன் அசலை அழித்துவிடும் வசதி ஒன்று அதில் இருந்தது. நண்பன் கொடுத்த கிரிக்கெட் கேமை ஏற்ற இடம் போதவில்லை. அந்த வசதிக்கும் ஒரு டிக் அடித்துவைத்தேன்.

நேர்காணலுக்கு நானும் கூடவே போனேன். (பிளாப்பியைத் திறக்க நிபுணர் வேண்டாமா?) நாமமும் சஃபாரி சட்டையுமாக முதலாளி உட்கார்ந்திருந்தார். ஜிப்பைத் திறந்தேன். ஒரே ஒரு ஃபைல். கடைசியாகச் சேர்த்த அன்னப்பட்சி பார்டர்.

"மீதி எங்கம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், "உள்ளதான் சார் இருக்குது. சுருக்கி வச்சிருக்கேன்."

"சுருக்குனியா, சுருட்டுனியா?"

முதலாளி பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அக்காவின் காது சிவந்துவிட்டது. ஆனாலும் குரல் நடுங்காமல், "சார், ஒரு கிராஃப் தாளும் பென்சிலும் குடுங்க" என்றாள்.

என்னை வெளியே உட்காரச் சொன்னார்கள். அங்கிருந்த பெஞ்சில் கடவுள்களை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டுப் பார்த்தேன். ஒன்றரை மணி நேரம் கழித்து அக்கா வந்தாள். பின்னாலேயே முதலாளி. அவர் கையில் மயில் பார்டர் வரைந்த தாள்.

"பொண்ணு திங்கக்கிழமை வரட்டும்" என்றார். என்னைப் பார்த்து, "தம்பி வர வேணாம்."

பஸ்ஸில் அக்கா கேட்டாள். "போனா போவுது விடு. அசல் வீட்ல இருக்குது இல்ல?"

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். "அழிச்சிட்டேன்கா. கேமுக்கு எடம் பத்தல."

அவள் திட்டியிருந்தால் தேவலை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, சத்தமே வராமல் அழுதாள். வேலை கிடைத்த நாளில் ஒரு பெண்ணை அப்படி அழவைத்தவன் நான்.

நல்ல வேளையாக, பென்சில் தாள்கள் பீரோவில் இருந்தன. கிரிக்கெட்டைத் தூக்கிக் கடாசிவிட்டு, தினமும் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். அக்கா வேலை முடிந்து வந்து தாளைப் பார்த்துச் சொல்வாள், "மூணு கறுப்பு, ரெண்டு வெள்ளை, திரும்ப மூணு கறுப்பு..." நான் கட்டம் கட்டமாக நிரப்புவேன். ஒரு டிசைனை முடிப்பதற்குள் கண்ணில் பூச்சி பறக்கும். ஒவ்வொன்றுக்கும் அக்கா சொன்ன தனித்தனிப் பெயரையே வைத்தேன். மூன்று மாதம் ஆயிற்று. எந்த நாள் என்று ஞாபகமில்லை, யானை பார்டர் போடும்போது அவள் மறுபடி சிரிக்க ஆரம்பித்தாள்.

போன மாதம் அக்கா மகள் ஹாஸ்டலுக்குக் கிளம்பினாள். பெட்டியை நான்தான் அடுக்கி மூடினேன். தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டாள், "என்ன மாமா, இவ்ளோ லேசா இருக்குது? எல்லாத் துணியும் உள்ள இருக்குதா, கடைசியா வச்ச துண்டு மட்டும்தானா?"

சமையலறையிலிருந்து அக்கா சிரிக்கும் சத்தம் கேட்டது. நான் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினேன்.