நான்காம் பாடத்தில் வரும் பெண்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

உங்கள் மகளின் மாமனார் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் உங்கள் மகள் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வந்து இன்றோடு ஒன்பது நாள் ஆகிற நிலையில், அப்படி எழுதினால் நீங்களே நம்ப மாட்டீர்கள். நான்கு தடவை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில் நீளமாக ஒரு செய்தி அனுப்பினேன், இரண்டு நீலக் கோடு விழுந்ததோடு சரி. முப்பது வருடம் தபால் துறையில் அதிகாரியாக இருந்து ஊரார் கடிதத்தையெல்லாம் பத்திரமாகக் கொண்டு சேர்த்தவர் நீங்கள். உங்கள் பெயருக்கே வந்த ஒரு கடிதத்தைப் பிரிக்காமல் போட்டுவிட உங்களுக்கு மனம் வராது என்ற ஒரே தைரியத்தில் இதை எழுதுகிறேன். தபால்தலை சரியான அளவுக்கு ஒட்டியிருக்கிறேன்.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. எங்கள் மருத்துவமனையின் பில்லிங் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். உங்கள் மகளுக்கும் அதே பிரிவுதான், முதல் வரிசை, மூன்றாவது இருக்கை. அவள் பில் போடும் நேர்த்தியைப் பார்த்துத்தான் என் மகனுக்கு உங்களிடம் பெண் கேட்டு வந்தேன். எங்கள் வேலையில் ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு எண் உண்டு. இன்சூரன்ஸ் கம்பெனிக்காரன் நோயாளியைப் பார்ப்பதில்லை, டாக்டரைப் பார்ப்பதில்லை, அந்த எண்ணை மட்டும்தான் பார்ப்பான். அதனால் பிரிவில் இருக்கும் நாற்பது பேரும் வருடத்துக்கு ஒருமுறை கணினியில் ஒரு ஆன்லைன் பயிற்சியை முடித்து, பரீட்சையில் தேறியாக வேண்டும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்தப் பயிற்சியை உருவாக்கியது அடியேன். இரண்டு மணி நேரப் பாடம் முழுக்க என் குரல்தான். அந்தக் காலத்தில் எல்லோரும் என் குரலை ரேடியோக் குரல் என்று சொல்வார்கள், அது இப்போது பேச்சில்லை.

போன மாதம் நிர்வாக அதிகாரி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். நாற்பது பேரும் நூற்றுக்கு நூறு. நான் பெருமையாகச் சிரித்தேன். அவர் சிரிக்காமல் அடுத்த கட்டத்தைக் காட்டினார். இரண்டு மணி நேரப் பயிற்சியை எல்லோரும் ஆறு நிமிடத்தில் முடித்திருக்கிறார்கள். ஒருவர் கடைவாய்ப் பல் பிடுங்கிக்கொண்டு விடுப்பில் இருந்த நாளில் நூறு வாங்கியிருக்கிறார். பிரிவுக்கு வந்து என்னய்யா இது என்று கேட்டால், ஒருத்தருக்கும் கூச்சமே இல்லை. நாலு பதில் இருந்தால் அதில் ரொம்ப நீளமானதுதான் சரியான விடையாம். அது புதிதாக வேலைக்குச் சேருபவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுக்கப்படுகிறதாம். அது கூடப் பரவாயில்லை சம்பந்தி. "சத்தத்த மொதல்லயே அணைச்சிடுவோம் சார்" என்றார்கள். ஒன்பது வருடமாக என் குரலை ஊமையாக்கி வைத்திருந்திருக்கிறார்கள். அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பாடமும் பழசாகத்தான் போயிருந்தது, அதை ஒப்புக்கொள்கிறேன். படிவத்தை மூன்று பிரதி எடுத்து ஃபேக்ஸில் அனுப்புவது எப்படி என்று இருபது நிமிடம் விளக்கியிருந்தேன். அந்த ஃபேக்ஸ் மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டே ஐந்து வருடம் ஆகிறது. எண்களில் பாதி மாறிவிட்டன. சரி, மாற்றி எழுது என்று உத்தரவாயிற்று. உதவிக்கு வெளியிலிருந்து பாடம் வடிவமைக்கும் ஒரு பெண்ணை அழைத்தார்கள். எப்போது பார்த்தாலும் கழுத்தில் ஹெட்போன் தொங்கும் என்பதால் எங்கள் பிரிவில் அவளுக்கு ஹெட்போன் என்றே பெயர். வந்த அன்றே என் இரண்டு மணி நேரத்தைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இத யாருமே கேக்க மாட்டாங்க. நாலு நாலு நிமிஷமா வெட்டுவோம். உங்க ஆபீஸ்ல நெஜமா நடந்த தப்புங்கள சொல்லுங்க, அத கதையா பண்ணுவோம்" என்றாள். மகள் வயசு, ஆனால் பேச்சில் ஒரு நியாயம் இருந்தது.

தப்புகளுக்கா எனக்குப் பஞ்சம்? முப்பத்தொரு வருடமாக ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். பிரிவில் யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்ன தப்புச் செய்தார்கள் என்று எல்லாம் அதில் இருக்கும். அந்த நோட்டில் என் பெயர் ஒரு தடவைகூட வந்ததில்லை என்பதையும் தாழ்மையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். இத்தனைக்கும் நான் நோட்டெழுதிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற ஆளில்லை. யாராவது சாப்பிடப் போனால் அவர்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து நாலு பில் போட்டு வரிசையைக் குறைத்துக் கொடுப்பேன். அந்த இரக்க குணம் என்னோடு பிறந்தது.

நோட்டிலிருந்து ஐந்து தப்புகளை எடுத்துக் கொடுத்தேன். அதில் நான்காவதுதான் வம்பாகப் போயிற்று. முழங்கால் மூட்டு மாற்றிக்கொண்ட எழுபது வயதுப் பெரியவருக்கு நாற்பத்தேழு என்று போடுவதற்குப் பதில் யாரோ எழுபத்துநான்கு என்று போட்டுவிட்டார்கள். எழுபத்துநான்கு சுகப்பிரசவம். இன்சூரன்ஸ்காரன் பில்லைத் திருப்பி அனுப்பினான். அப்படியே அனுப்பியிருந்தாலும் போகிறது என்று விட்டிருக்கலாம். குழந்தையின் எடை குறிப்பிடப்படவில்லை, நிரப்பி அனுப்பவும் என்று எழுதியிருந்தான்.

கதைக்கு ஒரு பொம்மைப் படம் வேண்டும், அந்த ஊழியர் எப்படி இருப்பார் என்று ஹெட்போன் கேட்டாள். நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். வட்டக் கண்ணாடி, ஒற்றைப் பின்னல், மேஜையில் பச்சைத் தண்ணீர் பாட்டில், பக்கத்தில் சின்னக் கள்ளிச்செடித் தொட்டி. சத்தியமாகச் சொல்கிறேன் சம்பந்தி, நான் யாரையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை. தினமும் கண்ணில் படுவதுதானே வாயில் வரும்?

பயிற்சி அறையில் பெரிய திரை கட்டி நாற்பது பேரையும் உட்கார வைத்துப் புதுப் பாடத்தைப் போட்டுக் காட்டினோம். நான்காம் பாடம் வந்தது. திரையில் உங்கள் மகள், அச்சு அசலாக. தப்பான எண்ணை அழுத்தியதும் பொம்மை முகம் தொங்கிப் போய் "ட்டொய்ங்" என்று ஒரு சத்தம். அறையே விழுந்து விழுந்து சிரித்தது. உங்கள் மகள் மட்டும் சிரிக்கவில்லை. நேராக இருக்கைக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். அன்று நூற்றுக்கு நூறு வாங்கியது அவள் ஒருத்திதான். பிறகு என் மேஜைக்கு வந்து, "மாமா, அந்த பில்ல நான் போடல" என்றாள். நான் நோட்டைத் திருப்பிக் காட்டி, "உன் லாகின்ல இருக்கேம்மா, ரெக்கார்டு பொய் சொல்லுமா?" என்றேன். அவள் இருக்கைக்குத் திரும்பிப் போனாள். சாயங்காலம் வீட்டில் பெட்டி கட்டினாள்.

அன்றிலிருந்து என் மகன் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை, சமையலறையிலேயே நின்றுகொண்டு சாப்பிட்டுப் போகிறான். என் மனைவி எனக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் குக்கரிடம் சொல்கிறாள். நேற்று அது நாலாவது விசில் அடித்தபோது, "இங்க பெரிய மனுஷன்னு ஒருத்தர் இருக்காரு, அவருக்கு நோட்டு இருந்தா போதும், மருமக வேண்டாம்" என்று அதனிடம் சொன்னாள். குக்கர் பதில் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீடு வீடாகவே இல்லை சம்பந்தி. அவள் வேலைக்கும் வராததால், காலையில் மூன்றாவது இருக்கைக் கள்ளிச்செடிக்கு நான்தான் தண்ணீர் விடுகிறேன். அதிகமாக விட்டுவிட்டேன் போலிருக்கிறது, மஞ்சளாகிவிட்டது.

ஆகவே நீங்கள் பெரியவராக இருந்து, அலுவலகம் என்றால் நாலும் இருக்கும், ரெக்கார்டில் இருப்பதை ஒப்புக்கொண்டு போவதில் ஒன்றும் குறைந்துவிடாது, கொஞ்சம் விட்டுக்கொடு என்று மகளுக்குப் பக்குவமாக எடுத்துச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இதை இத்துடன் நிறுத்துகிறேன். புதுப் பரீட்சையை இன்று ஐந்து மணிக்குள் நானும் எழுத வேண்டுமாம், இல்லையென்றால் என் லாகினை மூடிவிடுவார்களாம். நானே குரல் கொடுத்த பாடம், ஐந்து நிமிட வேலை. வந்து உறையை ஒட்டுகிறேன்.

சம்பந்தி அம்மாளுக்கு என் நமஸ்காரம். மகளுக்கு என் ஆசி, கோபம் இருந்தாலும் அதைச் சொல்லிவிடவும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள சம்பந்தி

பின்குறிப்பு: மேலே வணக்கத்தையும் ஆசியையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டுப் படிக்கவும். கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். ஆனால் தப்பாக எழுதியதை அழிக்கக் கூடாது, கோடு போட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பிரிவின் விதி. ஒவ்வொரு பக்கத்திலும் கோடு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பரீட்சையில் நான் தோற்றுவிட்டேன். கடைசிக் கேள்வி இது: பக்கத்து ஊழியர் கணினியைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார், வரிசையில் ஆட்கள் நிற்கிறார்கள், என்ன செய்வீர்கள்? அந்த இருக்கையிலேயே உட்கார்ந்து பில் போட்டுக் கொடுப்பேன் என்பதைக் கொஞ்சமும் யோசிக்காமல் அழுத்தினேன். "ட்டொய்ங்" என்றது. இரண்டு வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு என் குரலே பேசியது: "தவறு. நீங்கள் செய்யும் பிழை அவர் பெயரில் பதிவாகும்." ஹெட்போன் எழுதிக் கொடுத்து நான் வாசித்ததுதான். வாசிக்கும்போது குரல் கணீரென்று வருகிறதா என்பதில்தான் என் கவனம் இருந்தது, அர்த்தம் இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

நோட்டை எடுத்துப் பார்த்தேன். அந்த பில் போட்ட நேரம் ஒன்று இருபது. உங்கள் மகள் ஒரு மணிக்குச் சாப்பிடப் போனால் ஒன்றரைக்குத்தான் வருவாள். "நீ போய்ச் சாப்பிடும்மா, நான் பாத்துக்கறேன்" என்று அன்று அவளை அனுப்பியது நான். சீக்கிரம் பில் கிடைத்துவிட்டதென்று அந்த மூட்டுப் பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டதும் என்னைத்தான். கண்ணாடி என் நெற்றியில் இருந்திருக்கும், வழக்கமாக அங்கேதான் இருக்கும். அவள் உண்மையைச் சொன்னாள் சம்பந்தி, நான் நோட்டைக் காட்டினேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நோட்டில் அவள் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு என் பெயரை எழுதிவிட்டேன். ஹெட்போனை உட்கார வைத்துப் பொம்மையையும் மாற்றியாயிற்று. இப்போது நான்காம் பாடத்தில் வழுக்கைத் தலையோடு, நெற்றியில் கண்ணாடியோடு ஒரு கிழவர் முகம் தொங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறார். நாளைக் காலை பத்து மணிக்கு அதே அறையில், அன்று சிரித்த எல்லோருக்கும் அதைப் போட்டுக் காட்டப் போகிறேன். உங்கள் மகளின் போனுக்கு இன்றே அனுப்பிவிட்டேன். நாலு நிமிடம்தான். ஞாயிற்றுக்கிழமை என்று நான் கெடு வைத்ததையும் அடித்துவிட்டேன், அவளுக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது வரட்டும். பாடத்தின் கடைசியில் அவளுக்கென்று நான் சொந்தமாக இரண்டு வாக்கியம் பேசியிருக்கிறேன், யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. இந்த ஒரு தடவை மட்டும் சத்தத்தை அணைக்காமல் கேட்கச் சொல்லுங்கள்.